கீழே நட்டைப் பிடித்த ஆள்

நம்புங்கள் என்று யாரையும் கெஞ்சப் போவதில்லை. நான் சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. நடக்காததை எழுதினால் மறுநாளே விளக்கம் கேட்கும் மேலதிகாரியிடம் பதினோரு வருடம் குப்பை கொட்டியவன். அதனால் கண்ணால் பார்த்ததையும் காதால் கேட்டதையும் மட்டும் எழுதுகிறேன். பேய் இருட்டில்தான் வரும் என்று நினைப்பவர்கள் கொஞ்சம் கவனியுங்கள். இது நடந்தது பட்டப்பகலில். கொல்லம் ஆண்டு 1128, அதாவது 1953, வைகாசி மாதம், ஒரு புதன்கிழமை உச்சி வேளை.

என் அண்ணன் கணபதியப்பன் குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்தார். தோட்டத்துத் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பியபோது அவருடைய பழைய ஆஸ்டின் காரை அண்ணன் வாங்கினார். அதைச் சரிசெய்து வாடகைக்கு ஓட்ட வேண்டும் என்று ஆசை. ஒவ்வொரு பாகமாகக் கழற்றித் துடைத்து, மூன்று வருடம் அதோடு மல்லுக்கட்டினார். பிறகு என்ன நினைத்தாரோ, வேலை பாதியில் நின்றது. சித்திரையில் காய்ச்சல் வந்து செத்தும் போனார்.

மதினி கோமளவல்லிக்கு இரண்டு பெண் குழந்தைகள். வண்டியை முடித்து ஓட்டினால் அந்த வீட்டில் என்றைக்கும் உலை கொதிக்கும். அப்படியே விற்றால் ஒரு வருடம் தள்ளலாம். மார்த்தாண்டத்தில் பழைய வண்டி வாங்கி விற்கும் முத்துநாயகம் வெள்ளிக்கிழமை வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். முடிவு என் தலையில் விழுந்தது. எனக்கோ அண்ணன் போன நாளிலிருந்து மனசு மரத்துக் கிடந்தது. அழுகைகூட வரவில்லை. வண்டியைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, சோற்றைப் பார்த்தாலும் ஒன்றும் தோன்றவில்லை. ஒரு நாள் வேலை செய்து பார்ப்போம் என்று லீவு போட்டேன்.

வீட்டுக்குப் பின்னால், ஷீட் உலர்த்தும் பழைய புகைப்புரையில் வண்டி நின்றது. நான்கு கருங்கல் மேல் அடிச்சட்டம். அதன்மேல் வண்டியின் கூடு. இரண்டையும் சேர்க்கப் பன்னிரண்டு போல்ட். ஒற்றை ஆளால் ஆகாத வேலை. மேலே ஒருவர் போல்ட்டைத் திருக, கீழே ஒருவர் மல்லாந்து படுத்து நட்டைப் பிடிக்க வேண்டும். பிடிக்க ஆள் இல்லாவிட்டால் போல்ட் சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். சந்தைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஜான்ரோஸ் வந்து பிடிப்பதாகச் சொல்லியிருந்தான்.

சரியாக 12.05. நான் கூட்டுக்குள் உட்கார்ந்து முதல் போல்ட்டைத் துளையில் இறக்கினேன். கீழே கோணிச்சாக்கு சரசரத்தது... யாரோ நகர்ந்து நகர்ந்து உள்ளே வந்து படுத்தார்கள்.

"ஜான்ரோஸ், வந்தியா?"

டக்... டக்...

சட்டத்தில் ஸ்பேனரால் தட்டுகிற சத்தம். திருகினேன். போல்ட் நன்றாக இறுகியது. அடுத்ததற்குப் போனேன். மறுபடி இரண்டு தட்டு. அதுவும் இறுகியது.

நாலாவது போல்ட்டில்தான் கவனித்தேன். ஜான்ரோஸ் வேலை செய்யும்போது வேதக்கோயில் பாட்டை முனகாமல் இருக்க மாட்டான். இன்று பாட்டு இல்லை. இருமல் இல்லை. மூச்சு வாங்கும் சத்தம்கூட இல்லை.

ஆறாவது போல்ட். நான் அடுத்த துளைக்கு நகரும் முன்பே... அந்தத் துளைக்குக் கீழே தட்டுச் சத்தம் கேட்டது.

எட்டாவது. மணி 12.28. என் முழங்காலருகே ஒரு தகர டப்பா இருந்தது. திறந்தேன். உள்ளே நட்டுகள். எண்ணினேன்... பன்னிரண்டு.

நட்டு ஜான்ரோஸ் கையில் இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன்.

வெளியே எட்டிப் பார்த்தேன். அடியில் படுப்பவனின் கால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கால் இல்லை.

ஓடியிருக்க வேண்டும். ஓடவில்லை. அது ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. ஒன்பதாவது போல்ட்டை எடுத்தேன்.

"அண்ணே..."

டக்... டக்...

பத்து. பதினொன்று.

பன்னிரண்டு.

12.41. கீழே யாரோ நீளமாக மூச்சு விட்டார்கள்.

அழுதேன். அண்ணன் போன பிறகு அன்றுதான் அழுதேன். பயத்தில் அழவில்லை. அண்ணனே கூட நின்று முடித்துக் கொடுத்தார் என்று நினைத்தேன். இறங்கிக் குனிந்து பார்த்தேன். வெறும் சாக்கு கிடந்தது.

ஒரு மணிக்கு ஜான்ரோஸ் வந்தான்.

"சாரே, பேச்சிப்பாறை ரோட்டுல ஒரு லாரி நின்னு போச்சு. அதான் பிந்திட்டு."

அடியில் தலையைவிட்டுப் பார்த்தான்.

"சாரே... கீழ ஒரு நட்டுகூட இல்லியே."

மேலே ஏறி ஒரு போல்ட்டைக் கழற்றப் பார்த்தான். இம்மியும் அசையவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஸ்பேனரை மெதுவாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டான். போகட்டும் என்று விட்டேன். என் மனசு ஒரு முடிவுக்கு வந்திருந்தது. நேரே அடுக்களை வாசலுக்குப் போனேன்.

"மதினி, வண்டிய விக்காண்டாம். முடிச்சிரலாம். அண்ணன் கூடவே இருக்காரு."

புகைப்புரையில் நடந்ததையும் சொன்னேன். அரிசி களைந்துகொண்டிருந்த மதினியின் கை நின்றது.

"தம்பி... உங்க அண்ணன் பாதியில நிறுத்தல்ல. பன்னெண்டையும் பூட்டி முடிச்சாரு. பொறவு அவரே ஒவ்வொண்ணா கழத்திப் போட்டாரு."

"எதுக்கு?"

"கீழ பிடிச்சது ஆருன்னு பாத்துட்டேன்னாரு. வேற ஒண்ணுஞ் சொல்லல்ல. மறுநா காய்ச்சல்."

வெள்ளிக்கிழமை முத்துநாயகம் லாரியோடு வந்தார். விற்றுவிட்டேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு குழந்தைகள் இருக்கிற வீட்டைவிட்டு அது போனால் போதும் என்று வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பத்து நாள் கழித்து அவர் எழுதிய கார்டு வந்தது. இப்போதும் என்னிடம் இருக்கிறது.

"வண்டி பத்திரமாக வந்து சேர்ந்தது. கூட நீங்கள் அனுப்பிய ஆள் நல்ல வேலைக்காரன். பேச்சே கிடையாது. வந்த நாளிலிருந்து வண்டிக்கு அடியிலேயே கிடக்கிறான், சாப்பிடக்கூட வெளியே வருவதில்லை. ஆளை எப்போது திருப்பி அனுப்பட்டும்?"

நான் பதில் எழுதவில்லை.