அடியில் தெரிந்த பழைய வழி

என் வீட்டுக்காரர் பேருந்துப் பணிமனையில் நேர அட்டவணை போடுகிறவர். நான்கு பேர் கூடிய இடத்தில் பேசச் சொன்னால் வியர்த்துக் கொட்டிவிடும். கல்யாணமான புதிதில், இந்த மனுஷனுக்கு என்னைப் பிடிக்கவில்லையோ என்று மூன்று மாதம் முழித்தேன். பிறகுதான் தெரிந்தது, காய்கறிக்காரரிடமும் அப்படித்தான். ஆனால் கணினியில் ஸ்லைடு போடச் சொல்லுங்கள், பணிமனையே அவர் மேஜையைச் சுற்றி நிற்கும். ஸ்லைடுக்காரர் என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

அதிலும் அவருக்கு ஒரு பித்து உண்டு. டிரான்ஸ்பரன்சி. படத்தின் மேல் எழுத்து வந்தால், இடையில் ஒரு கறுப்புக் கட்டத்தைப் போட்டு, அதைப் பாதி மங்க வைப்பார். அடியில் படமும் தெரியும், மேலே எழுத்தும் பளிச்சென்று நிற்கும். இதைக் கற்றுக்கொண்ட வாரம் எழுத்து, படம், பணிமனை முத்திரை என்று ஒன்று விடாமல் மங்கடித்து வந்து, "எப்படி இருக்கு?" என்றார்.

"சுடுதண்ணியில குளிச்சப்புறம் பாத்ரூம் கண்ணாடி இருக்குமே, அப்படி இருக்கு" என்றேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மூன்றாம் நாள் அவரே வந்து, "நீ சொன்னது சரிதான். ஒண்ணு மங்குனாத்தான் இன்னொண்ணு தெரியும். எல்லாமே மங்கக் கூடாது" என்றார். நான் சொல்வது சரி என்று அவர் ஒப்புக்கொண்ட நாட்களை விரல் விட்டு எண்ணிவிடலாம், அதனால் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

போன மாதம் மேலாளர் ஒரு வேலை கொடுத்தார். பதினான்காம் எண் பேருந்தைச் சுற்றாமல் நேராக விடப்போகிறார்களாம். நகரசபைக் கூட்டத்தில் காட்ட வரைபடம் வேண்டும். நேராக விட்டால் டயாலிசிஸ் மையத்து நிறுத்தம் போய்விடும். வாரம் மூன்று நாள் அங்கே இறங்குகிறவர் என் நாத்தனார், இவருடைய கூடப்பிறந்த அக்கா. எங்களோடுதான் இருக்கிறார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எனக்கும் அவருக்கும் எலியும் பூனையும்தான். துண்டை மடிப்பதில்கூட ஒத்துப்போகாது. ஆனால் அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியாது. அப்புறம் யாரோடு சண்டை போடுவது?

"ஏங்க, உங்க அக்கா பஸ்ஸை நிறுத்த நீங்களே படம் போடுவீங்களா?" என்று பிடித்துக்கொண்டேன்.

"புது வழியை மட்டும் போடச் சொன்னாங்க. நான் பழைய வரைபடத்தை அடியில போட்டு, புதுசை மேல லேசா வைக்கிறேன். எது விட்டுப்போகுதுன்னு பாக்குறவங்களுக்கே தெரிஞ்சிடும். நான் வாயைத் திறக்க வேண்டியதில்ல."

பாருங்கள், அக்காவுக்காகக்கூட வாயைத் திறக்காமல் ஒரு வழி!

கூட்டத்துக்குப் பொதுமக்களும் போகலாம் என்பதால் நானும் அண்ணியும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். ஜன்னல்களில் திரை இல்லை, காலை வெயில் சுவரிலேயே விழுந்தது. புரொஜக்டரோ அரதப் பழசு. வீட்டுக் கணினியில் அழகாகத் தெரிந்த புது வழி, சுவரில் சுத்தமாகக் காணோம். பழைய வழி மட்டும் இருந்தது. வீட்டுத் திரையை நம்பி மனுஷன் அவ்வளவு மங்கடித்துவிட்டார்.

"புது வழி எங்கே?" என்றார் நகரசபைத் தலைவர் அம்மா. மேலாளர் இவரை முறைத்தார்.

இவர் மங்கலின் அளவை மாற்றும் பட்டையைத் திறந்து இழுத்தார். சுவரில் புது வரைபடம் மெல்ல எழுந்து வந்தது. கை நிற்கவில்லை, ஒரேயடியாக இழுத்துவிட்டார். பழைய தெருக்கள் மறைந்தன. டயாலிசிஸ் மையத்துப் பச்சைப் புள்ளியும் மறைந்தது. பதறிப்போய்ப் பின்னால் இழுத்தார், புள்ளி திரும்ப வந்தது.

"இருங்க. மறுபடி இழுங்க" என்றார் தலைவர் அம்மா. இழுத்தார். புள்ளி போயிற்று. "அது என்ன புள்ளி?"

மேலாளர் தொண்டையைச் செருமுவதற்குள் என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். "டயாலிசிஸ் நிறுத்தம் மேடம். எங்க அக்கா எறங்குற இடம்."

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன்.

"அதை விட்டா பஸ்ஸுக்கு எவ்வளவு நேரம் மிச்சம்?"

"ஆறு நிமிஷம் மேடம்."

"அடுத்த நிறுத்தத்துல எறங்கி நடந்தா?"

"இருபது நிமிஷம்னு கணக்குப் போட்டேன்."

என் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. அண்ணி எழுந்து நின்றார்.

"இருபது இல்ல தம்பி. அம்பது. நடுவுல மூணு தடவ உக்காரணும்."

இவர் திரும்பிப் பார்த்தார். "உனக்கு எப்படிக்கா தெரியும்?"

"போன வாரம் நடந்து பாத்தேன். பஸ் வராதுன்னா பழகிக்கணுமில்ல?"

முந்தின வாரம் ஒரு நாள் அண்ணி வீட்டுக்குத் தாமதமாக வந்தார். பஸ் கிடைக்கவில்லை என்றார். சாப்பாடு ஆறிப்போச்சு என்று நான் அவரைப் பிலுபிலுவென்று பிடித்துக்கொண்டேன். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லையே, அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டாமா?

அந்த நிறுத்தம் அப்படியே இருக்கட்டும் என்று தலைவர் அம்மா எழுதச் சொன்னார்.

வெளியே வந்து படியிறங்கும்போது அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டேன். வழக்கமாகப் பிடித்தால் உதறிவிடுவார்.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானும் கூட நடந்திருப்பேனே அண்ணி."

"கூட நடந்திருப்பியா? என்னை வீட்டுப் படி எறங்கவே விட்டிருக்க மாட்டே."

விட்டிருக்க மாட்டேன்தான்.