மிளகாய்க் கொல்லையில் ஒரு பூக்குழி

மூன்றாவது முறையாக மிளகாய் போடப் போகிறேன் என்று என் வீட்டுக்காரர் சொன்ன அன்று நான் ஆடித் தீர்த்துவிட்டேன். முதல் இரண்டு முறையும் செடி இடுப்பளவு வளர்ந்து, பூ வைத்து, ஒரே வாரத்தில் தலை தொங்கிச் செத்துப்போனது. லாயாங் லாயாங் ஊரில் வீட்டுக்குப் பின்னால் நாங்கள் குத்தகைக்கு எடுத்திருந்த நிலம் அந்த லட்சணம். மழை பெய்தால் போட்ட உரம் ஓடிவிடும், வெயில் அடித்தால் மண் ஓடாகிவிடும். தம்போய் நகரத்தில் இருக்கும் மகளோ, "ஒரு ரூம் சும்மாத்தான்மா கெடக்கு, வந்துருங்க" என்று தினம் போன் போடுவாள். எனக்குப் போக ஆசையான ஆசை. லிப்ட் வைத்த வீடு, கீழே இறங்கினால் கடை, கொசு கிடையாது.

"இந்த வாட்டியும் போச்சுன்னா நெலத்தத் திருப்பிக் குடுத்துட்டுக் கெளம்பிடலாம்," என்றார்.

"சாமி மேல சொல்லுங்க."

"சாமி மேல."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த மிளகாய் பட்டுப்போக வேண்டும் என்றுதான் நான் வேண்டிக்கொண்டேன்.

அந்தச் சமயம் டவுனில் விவசாயிகளுக்கு ஒரு நாள் வகுப்பு நடந்தது. இரண்டு பேரும் போனோம். சொல்லிக்கொடுத்தது ஒரு மலாய்ப் பெண், எங்கள் மகள் வயதுதான் இருக்கும். எண்ணெய்க்கு வளர்க்கும் செம்பனையில் வெட்டிப் போட்ட மட்டையைச் சும்மா எரித்தால் புகைதான் மிச்சம், அதையே குழியில் போட்டுக் கரியாக்கி, ஆட்டுச்சாணத் தண்ணீரில் ஊறவைத்து மண்ணில் கலந்தால் ஈரமும் உரமும் ஓடாமல் நிற்கும் என்றாள். புகையாக வானத்துக்குப் போய்ச் சூட்டைக் கூட்டவேண்டிய கரி பல தலைமுறைக்கு மண்ணுக்குள்ளேயே கிடக்குமாம். அதற்குப் பெயர் பயோசார். செய்முறையும் லேசுதான். கீழே குறுகி மேலே அகலமாக ஒரு குழி, அதில் நெருப்பு, மேலே மேலே காய்ந்த மட்டை. கடைசி அடுக்கில் வெள்ளையாகச் சாம்பல் பூக்கத் தொடங்கியதும் ஒரே மூச்சாகத் தண்ணீர் ஊற்றி அணைத்துவிட வேண்டும்.

"சிராம் லா, அங்கிள்! சிராம்!" என்று அவள் கத்த, என் வீட்டுக்காரர் கையைக் கட்டிக்கொண்டு பின்னால் நகர்ந்தார். ஊற்றுங்கள் என்றுதான் சொன்னாள். வேறு யாரோ வாளியை வாங்கி ஊற்றினார்கள்.

காரணம் எனக்குத் தெரியும். எஸ்டேட் கோயில் தீமிதிக்கு வருஷா வருஷம் பூக்குழி போடுவது அவர்தான். விறகு அடுக்கி, பற்றவைத்து, தணல் கனிந்ததும் சமமாகத் தள்ளிவிடுவதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அந்த நெருப்பில் யாரும் தண்ணீர் ஊற்ற மாட்டார்கள். அது தானாக அடங்க வேண்டும்.

எங்கள் கொல்லையிலும் அப்படித்தான் நடந்தது. குழி வெட்டினார், மட்டை அடுக்கினார், புகையே இல்லாமல் அழகாக எரிந்தது. சாம்பல் பூத்தது. தண்ணீர்க் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"ஊத்துங்க!"

"இரு. கொஞ்சம் அடங்கட்டும்."

அடங்கியது. ஒரு குழி மட்டையும் ஒரு வாளிச் சாம்பலாக அடங்கியது. இரண்டாவது குழியும் அதே கதை. போட்டோ எடுத்து வகுப்பில் பார்த்த பெண்ணுக்கு அனுப்பினேன். "அலமாக், ஆன்ட்டி! இது சாம்பல் லா, கரி இல்ல!" என்று மலாயில் குரல்பதிவு அனுப்பிச் சிரித்தாள். நானும் வயிறு வலிக்கச் சிரித்தேன். உள்ளுக்குள் தம்போய் வீட்டுக்குத் திரைச்சீலை என்ன நிறத்தில் வாங்கலாம் என்று யோசித்தேன்.

மூன்றாவது குழிதான் கடைசி. காய்ந்த மட்டை அவ்வளவுதான் இருந்தது, மழைக்காலம் தலைக்கு மேல் நின்றது. சாம்பல் பூத்தபோது அவர் குழாயைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கினார்.

"எனக்கு வரமாட்டேங்குது," என்றார். "நெருப்ப எப்பிடி நான் கொல்லுவேன்?"

நாற்பது வருஷத்தில் அவர் இப்படி நின்று நான் பார்த்ததில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தாலே போதும், தம்போய் என் கையில். ஆனால் காலுக்கு அது தெரியவில்லையே! அடுப்படிக்கு ஓடினேன். வாளித் தண்ணீரில் மஞ்சள் தூளைக் கொட்டி, இரண்டு கொத்து வேப்பிலையைப் போட்டுத் தூக்கி வந்தேன்.

"திரும்பி நில்லுங்க. ஆத்தா கோவிச்சுக்கிட்டா என்கிட்ட கோவிச்சுக்கட்டும்!"

அவர் முதுகைக் காட்டிக் கைகூப்பி நின்றார். நான் வாளியைக் கவிழ்த்தேன், பிறகு குழாயைப் பிடுங்கிக் குழி நிரம்பும்வரை விட்டேன். முகமெல்லாம் ஆவியும் கரியும். தண்ணீர் வடிந்ததும் கைவிட்டு அள்ளினால், தட்டினால் கணீரென்று கேட்கும் கருகருவென்ற கரி. அவர் திரும்பிப் பார்த்தார். என் மூஞ்சியைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியவர் நிறுத்தவே இல்லை.

கரி ஊறி மண்ணில் கலந்தது, நாற்று நட்டோம், மழை கொட்டியது. செடி நின்றது. கரியாலா, ஆட்டுச்சாணத்தாலா, ஆத்தாளாலா என்று யாருக்குத் தெரியும்? கிளைக்குக் கிளை சிவப்பாகக் காய்த்துத் தொங்கியது. முதல் கூடையைப் பறித்து வைத்தபோது மகள் போன் வந்தது. அவர் எடுக்காமல் என்னிடம் நீட்டினார்.

"எப்ப வர்றோம்னு சொல்லிடு. போலாம்," என்றார்.

"என்னங்க, அதான் காய்ச்சிருச்சே!"

"காய்ச்சது நீ ஊத்துன தண்ணில. தம்போய்க்குப் போக உனக்கு எவ்ளோ ஆசைன்னு எனக்குத் தெரியாதா? நீ ஓடிப்போயி வாளி தூக்கிட்டு வந்தப்பவே நான் முடிவு பண்ணிட்டேன்."

போன் அடித்துக்கொண்டே இருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. எடுத்துக் காதில் வைத்தேன்.

"வர முடியாதுடி," என்றேன் மகளிடம். "பக்கத்துச் செம்பனையில மட்டை வெட்டிப் போட்டுட்டாங்க. நான் இல்லன்னா உங்கப்பா அத்தனையையும் சாம்பலாக்கிடுவாரு."