சுருளியில் அம்மாவுக்குச் சாமி வந்த அன்று

சுருளிக்குப் போவதற்கு முதல் நாள் சாயங்காலம், அம்மா எங்களைக் களத்தில் நிறுத்தி வைத்துக் காணாமல் போகப் பழக்கினாள். கேட்டால் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் காலத்தில் பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போன எந்தத் தாயும் என் அம்மா அளவுக்கு முன்யோசனையோடு போயிருக்க மாட்டாள் என்று எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

பாடம் இதுதான். காணாமல் போன பிள்ளை தேடிக்கொண்டு அலையக் கூடாது. நம் ஆட்கள் யாரையும் காணோம் என்று தெரிந்ததும், நின்ற இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட வேண்டும். தேடுவது பெரியவர்கள் வேலை. அம்மா வைக்கோல் படப்புக்குப் பின்னால் போய் மறைந்துகொள்வாள். நாங்கள் ஆளுக்கொரு மூலையில் தொப்பென்று உட்காருவோம். பெரியம்மாவின் மூன்று பையன்களும் சீக்கிரமே தேறிவிட்டார்கள். நாலு வயதுத் தம்பி மட்டும் தேவைக்கு மேல் தேறிவிட்டான். சோற்றுக்குக் கூப்பிட்டபோதுகூட எழுந்திருக்காமல், தன்னை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று சாதித்தான்.

இத்தனை பயிற்சிக்கும் காரணம் அவன்தான். அதற்கு முந்தின சித்திரையில் வீடே திரண்டு வீரபாண்டித் திருவிழாவுக்குப் போயிருந்தோம். ஒரு பொம்பளைக்குச் சாமி வந்து, தலைமுடியை விரித்துப்போட்டு ஆடிக்கொண்டிருந்தாள். சுற்றி நின்றவர்கள் கைகூப்பி, "தாயே, என்ன கொறை, என்ன வேணும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் வாயைப் பிளந்துகொண்டு அதைப் பார்த்த நேரத்தில் தம்பி கையை விட்டுவிட்டுப் போய்விட்டான். பெரியப்பா ஆற்றங்கரை முழுக்க அவன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டு ஓடினார். வெயில் தாழ்ந்த பிறகு, ஒரு பொரிகடலைக் கடையில் மூட்டைமேல் உட்கார்ந்து வாய் நிறையப் பொரியோடு இருந்தவனைத் தூக்கி வந்தார். அதற்கப்புறம் பல நாள் பெரியப்பாவுக்குத் தொண்டை திறக்கவில்லை. திறந்ததும் அவர் சொன்ன முதல் சங்கதி, இனிமேல் இந்த வீட்டுப் பொம்பளைகள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு எங்கேயும் போக வேண்டாம் என்பது.

எங்கள் வீட்டில் பெரியப்பா வைத்ததுதான் சட்டம். என் அப்பா அவருக்குத் தம்பி. அண்ணன் சொல்லுக்குத் தலையை ஆட்டியே கழுத்து தேய்ந்தவர். அம்மாவோ பெரியப்பாவின் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேச முடியாது. புருஷனின் அண்ணனோடு நேரில் பேசக் கூடாது என்பது அன்றைய வழக்கம். அம்மா கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வாள். பெரியம்மாவிடம் சொல்வதுபோலச் சொல்வாள். முற்றத்தில் இருக்கும் பெரியப்பா காதில் அது தெளிவாக விழும். ஆனாலும் பெரியம்மா அதைத் திரும்ப ஒரு முறை சொன்னால்தான் அவர் கேட்டதாகக் கணக்கு. பதிலும் அதே வழியில்தான் திரும்பும்.

சுருளிக்கு அனுமதி கேட்டதும் அப்படித்தான்.

"அக்கா, கோடையில பிள்ளைக வீட்டுக்குள்ளயே கெடந்து அடிச்சுக்கிருதுக. சுருளிக்கு ஒருநா கூட்டிட்டுப் போயிட்டுப் பொழுது சாய வந்துருவோம்னு பெரியவுககிட்டச் சொல்லுங்க" என்றாள் அம்மா.

பெரியம்மா சொன்னாள்.

"போன வருசம் பட்டது பத்தாதாக்கும்னு கேளு அவகிட்ட" என்றார் பெரியப்பா.

"இந்தத் தடவை ஒரு குறையும் வராது. நான் பொறுப்புன்னு சொல்லுங்க அக்கா."

கண்மாயில் வண்டல் அள்ளி வயலுக்கு அடிக்கிற காலம் அது. ஆண்கள் யாரும் வர முடியாது, வண்டியும் சும்மா கிடைக்காது. பெரியப்பா வெகுநேரம் மீசையைத் தடவிக்கொண்டிருந்தார். அப்புறம் ஒரு வண்டியும் ஒரு வண்டிக்காரரும் ஒரு நாளைக்குத் தருவதாகச் சொன்னார். கூடவே ஒரு நிபந்தனை. போனது போலவே எல்லாம் திரும்ப வர வேண்டும். பிள்ளைகளில் ஒரு சிராய்ப்பு, சாமான்களில் ஒரு கரண்டி குறைந்தாலும் இதுவே கடைசி.

அம்மா விடுவாளா? பெரிய பிள்ளைக்கு ஒரு சின்னப் பிள்ளை என்று ஜோடி போட்டாள். பெரிய அண்ணன் பொறுப்பில் சின்ன அண்ணன். என் பொறுப்பில் தம்பி. இரண்டு பேர் துண்டு முனைகளையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டாள். தனியாக மிஞ்சிய நடு அண்ணனுக்குச் சோற்று மூட்டைக் காவல். சுருளிக் குரங்குகள் லேசுப்பட்டவை இல்லை என்பதால் அவன் கையில் ஒரு கம்பு. மாற்றுத்துணியை ஆளுக்கொரு சின்ன மூட்டையாகக் கட்டினாள். யாருடையது என்று துணியின் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். வண்டியில் ஏற்றும்போது கடைசியில் தேவைப்படுவது அடியில், முதலில் தேவைப்படுவது மேலே. வழியில் யாராவது கல்லில் இடித்துக்கொண்டால் போட மஞ்சள் தூளும் வேப்பெண்ணெயும் அவள் மடியிலேயே இருந்தன. பெரியம்மா வேடிக்கை பார்த்துக்கொண்டு, "ஏத்தா, நாம சுருளிக்குப் போறோமா, சண்டைக்குப் போறோமா?" என்றாள். அம்மா சிரிக்கவில்லை. அம்மா சிரித்து நான் பார்த்ததே இல்லை. அவள் பல்லை நாங்கள் பார்ப்பது வேப்பங்குச்சியால் தேய்க்கும்போது மட்டும்தான்.

விடியற்காலையில் கிளம்பி வெயில் ஏறுவதற்குள் போய்விட்டோம். விசேஷ நாள் இல்லை என்பதால் கூட்டம் இல்லை. வண்டிக்காரர் காளைகளை அவிழ்த்துக்கொண்டு கீழே ஓடைக்குப் போய்விட்டார். அம்மா எங்களை அருவிக்கு உடனே விடவில்லை. கீழே கணுக்கால் அளவு தண்ணீர் ஓடும் இடத்தில் ஒவ்வொருவராக உட்கார வைத்துக் குளிப்பாட்டித் துவட்டினாள். வாழை இலையில் கட்டியிருந்த புளிச்சோறும் துவையலும் கொடுத்தாள். பிறகு வேலை பிரித்தாள். நடு அண்ணன் குரங்கு விரட்ட வேண்டும். பெரிய அண்ணனும் சின்ன அண்ணனும் பாறையில் காயும் துணிகள் பறக்காமல் கல் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். நான் தம்பியை மடியில் போட்டுத் தூங்க வைக்க வேண்டும். எல்லோரும் அவரவர் இடத்தில் அமர்ந்ததை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, அம்மாவும் பெரியம்மாவும் மேலே அருவிக்கு ஏறினார்கள்.

தம்பி தூங்கிவிட்டான். மேலேயிருந்து தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே ஒரு கூச்சல் கேட்டது. முதலில் பெரியம்மா குரல். அப்புறம் எனக்குத் தெரியாத ஒரு குரல். இடத்தை விட்டு நகரக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. தம்பியை விட்டுப் பிரியக் கூடாது என்பது அதைவிடப் பெரிய உத்தரவு. பெரியதை மட்டும் காப்பாற்றினால் போதும் என்று முடிவு செய்து, அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பாறைமேல் ஏறிப் பார்த்தேன்.

அருவிக்குக் கீழே அம்மா நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் இழுத்துக் கட்டிய கொண்டையாகவே இருக்கும் தலைமுடி அவிழ்ந்து இடுப்புக்குக் கீழே தொங்கியது. இரண்டு கையையும் மேலே தூக்கி, முகத்தைத் தண்ணீருக்குக் கொடுத்து, "ஓ" என்று கத்தினாள். உடம்பு ஆடியது. அப்புறம் சிரித்தாள். வாயை முழுக்கத் திறந்து, பாறையைப் பிடித்துக்கொண்டு, நிறுத்த முடியாமல் சிரித்தாள்.

முடியை விரித்துப்போட்டு, கை தூக்கி, ஆடி, கத்துகிற பொம்பளையை நான் பார்த்தது வீரபாண்டியில்தான். சந்தேகமே இல்லை, அம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. சாமி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அருவி ஓரத்துக்குப் போய்த் மண்டியிட்டு, தம்பியை மடியில் இறக்கி, கைகூப்பி, என்னால் முடிந்த அளவு சத்தமாகக் கேட்டேன்.

"தாயே, என்ன கொறை? என்ன வேணும்?"

பெரியம்மா என்னைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள். "பிள்ளை கேக்குதுல்ல தாயி, வாயத் தொறந்து சொல்லு" என்றாள்.

அம்மா சிரிப்பை நிறுத்தினாள். முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைக்காமல் என்னையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வருசா வருசம் என்னைய இங்கன கூட்டியாரணும்" என்றாள்.

"வேற?" என்றாள் பெரியம்மா.

"வேற ஒண்ணும் வேணாம். போத்தா, தம்பி நனையுறான்."

தம்பி நனைவதுகூடச் சாமிக்குத் தெரிந்திருந்தது எனக்கு இன்னும் நம்பிக்கையைக் கொடுத்தது. திரும்பும்போது வண்டியில் பெரியம்மா என்னைப் பக்கத்தில் இழுத்து, "இத வீட்டுல போயி உளறிராத" என்றாள். நானும் சரி என்றேன். அம்மா மறுபடியும் இறுக்கமாகக் கொண்டை போட்டு, மூட்டைகளைச் சரிபார்த்துக்கொண்டு, பழைய அம்மாவாக உட்கார்ந்திருந்தாள். சாமி மலையேறிவிட்டது போல என்று நினைத்துக்கொண்டேன்.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. பெரியப்பா முழங்கால் வரைக்கும் வண்டல் காய்ந்த காலோடு முற்றத்தில் நின்றார். அப்பா அவருக்குப் பின்னால் நின்றார். பெரியப்பா எங்களை வரிசையாக நிறுத்திக் கையைப் பார்த்தார், காலைப் பார்த்தார். சாமான்களைப் பிரிக்கச் சொன்னார். கரண்டி இருந்தது. துணிகள் இருந்தன. குரங்கு விரட்டிய கம்புகூடத் திரும்பி வந்திருந்தது. கதவுக்குப் பின்னால் அம்மாவின் சேலைக்கரை தெரிந்தது. நாம் ஜெயித்துவிட்டோம் என்று நினைத்தேன்.

அந்த நேரம் பார்த்துப் பெரிய அண்ணன் கொட்டாவி விட்டான்.

"ஏலே, வாயத் தொற" என்றார் பெரியப்பா. "காலைல இருந்த பல்லு எங்க?"

"முறுக்கக் கடிச்சேன், விழுந்துருச்சு. முன்னாடியே ஆடிக்கிட்டுத்தேன் இருந்துச்சு."

"வீட்டுல இருந்தா விழுந்திருக்குமா?" பெரியப்பா பெரியம்மா பக்கம் திரும்பினார். "இதுக்குத்தேன் சொன்னேன். இன்னைக்குப் பல்லு போயிருச்சு. நாளைக்குப் பிள்ளையே போயிரும். இதோட நிறுத்திக்கிறச் சொல்லு அவள."

கதவிடுக்கில் தெரிந்த சேலைக்கரை உள்ளே போய்விட்டது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரு பல்லுக்காகச் சாமி குத்தம் ஆகிவிடப்போகிறதே என்று பயம். பெரியம்மாவுக்குக் கொடுத்த வாக்கெல்லாம் அப்போது நினைவிலேயே இல்லை.

"அம்மாவுக்குச் சாமி வந்துச்சு பெரியப்பா. வருசா வருசம் என்னைய இங்கன கூட்டியாரணும்னு சொன்னாக."

பெரியம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அப்பா தன் காலைக் குனிந்து பார்த்தார்.

"எந்தச் சாமி?" என்றார் பெரியப்பா.

"கேக்கல. ஆனா நெசமான சாமி. முடியெல்லாம் விரிச்சுப் போட்டிருந்தாக. கத்துனாக. சிரிச்சாக."

"சிரிச்சாகளா?"

"ஆமா பெரியப்பா. ரொம்ப நேரம் சிரிச்சாக. அம்மாதேன் சிரிக்கவே மாட்டாகள்ல. அதுனால அது சாமிதேன்."

பெரியப்பா என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை. காலில் காய்ந்திருந்த வண்டலைக் குனிந்து கொஞ்சம் உரித்துப் போட்டார். பிறகு நிமிர்ந்து கேட்டார். கேள்வி என்னிடம் வரவில்லை. பெரியம்மாவிடமும் போகவில்லை. அவர் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வேற எதுவும் கேட்டாகளா?"

எல்லோரும் பெரியம்மாவைப் பார்த்தோம், வழக்கம்போல அவள் அதை உள்ளே எடுத்துச் சொல்வாள் என்று. அவள் அசையவே இல்லை. கதவுக்குப் பின்னாலிருந்து பதில் நேராக வந்தது.

"அடுத்த வருசம் வண்டி ரெண்டு வேணும்னு கேட்டாக."

"சரி" என்றார் பெரியப்பா, கதவிடமே.

எனக்குப் புல்லரித்துவிட்டது. சாமி சுருளியோடு நின்றுவிடாமல் வீடு வரைக்கும் வந்து, பெரியப்பாவிடமே பேசிவிட்டது. நான் கதவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, தம்பியின் கையையும் பிடித்து அவன் கன்னத்தில் போட்டுவிட்டேன். அங்கே பேசியது அம்மாதான் என்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.