பவளத்துக்கு ஒரு நம்பர்

1976ஆம் ஆண்டு என் மனைவி பவளத்துக்கு ஒரு கம்ப்யூட்டரின் மேல் பைத்தியம் பிடித்தது. வேறு யாரின் மேலாவது என்றால் நான் சண்டைக்குப் போயிருப்பேன். இதுவோ ஒரு கட்டடத்தின் கீழ்த்தளத்தில், கண்ணாடிக்குப் பின்னால், குளிரூட்டிய அறைக்குள் வரிசையாக நின்ற இரும்பு அலுமாரிகள். அவற்றோடு யார் மல்லுக்கட்டுவது?

நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மெல்பேர்ணுக்கு வந்து அப்போது இரண்டு வருடம். கிளேட்டனில், ரயில் நிலையத்துக்குக் கிட்ட ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தோம். நான் ஆனந்தராஜா, தண்ணீர்க் குழாய் செய்யும் கம்பெனியொன்றில் வரைபடம் கீறுகிறவன். பவளம் ஊரில் பதினொரு வருடம் கணிதம் படிப்பித்தவள். இங்கே அவளுடைய சான்றிதழ்களைப் பார்த்தவர்கள் எல்லாரும் “வெரி நைஸ்” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். அந்த “வெரி நைஸ்”களைக் கேட்டுக் கேட்டு எனக்கு அந்த இரண்டு சொல்லிலுமே வெறுப்பு வந்துவிட்டது. கடைசியில் பல்கலைக்கழகத்தின் கல்வித்துறையில் மார்கரெட் என்ற விரிவுரையாளர்தான் அவளுக்கு ஒரு தற்காலிக வேலை கொடுத்தார்.

வேலை என்னவென்றால் எண்ணுவது. வேறு நாடுகளிலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் எண்ணூற்றுப் பன்னிரண்டு பேர் நிரப்பிய வினாக்கொத்துகள் பெட்டி பெட்டியாக இருந்தன. வீட்டில் என்ன மொழி, வாசிப்பில் எத்தனை புள்ளி, வயது என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்த்துப் பென்சிலால் கோடு போட வேண்டும். நாலு கோடு, குறுக்கே ஒன்று. மார்கரெட் நல்ல மனுசி. ஆனால் அவர் “இன்னும் ஒரே ஒரு சின்னக் கேள்வி” என்றால் பவளம் முதலாவது பிள்ளையிலிருந்து திரும்பவும் தொடங்க வேண்டும். சின்னக் கேள்விக்கு ஒரு கிழமை போய்விடும்.

அப்படியிருக்கும்போது மார்கரெட்டின் அலுமாரியில் ஒரு தடித்த கையேட்டைப் பவளம் கண்டு, கேட்டு வாங்கி வந்தாள். எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளிவிவர மென்பொருளுக்கான கையேடு அது. குசினியில் கறி கொதிக்க அவள் அதை வாசித்தாள். கறி அடிப்பிடிக்கவும் வாசித்தாள்.

“இஞ்சருங்கோ, ஒரு துளை போட்ட அட்டையில ரெண்டு சொல்லு அடிச்சால் போதுமாம். நான் ஒரு கிழமை எண்ணுறதை இது ஒரு நிமிசத்தில எண்ணிப் போடுமாம்!”

“அப்ப உம்மட வேலை போயிடுமே?” என்றேன் நான், பெரிய புத்திசாலி மாதிரி.

“விசர்க் கதை கதைக்காதேங்கோ. எண்ணுறது ஒரு வேலையே? என்னத்தை எண்ண வேணும் எண்டு யோசிக்கிறதெல்லோ வேலை.”

கையில் அகப்பையோடு அவள் அப்படிச் சொன்னபோது அவளுடைய முகத்தில் இரண்டு வருடமாக நான் காணாத ஒரு வெளிச்சம் இருந்தது. அடிப்பிடித்த கறியை நான் முறைப்பாடு இல்லாமல் சாப்பிட்டேன்.

ஆனால் அந்த மென்பொருளைத் தொடுவதற்கு ஒரு நம்பர் வேண்டும். கம்ப்யூட்டர் நிலையம் தருகிற நம்பர் முதல் அட்டையில் இருந்தால்தான் இயந்திரம் உங்களைக் கணக்கெடுக்கும். நம்பர் நிரந்தர ஊழியர்களுக்கும் ஆராய்ச்சி மாணவர்களுக்கும்தான். பவளமோ தற்காலிகம். நிலையத்தின் யன்னலுக்குப் பின்னால் இருந்த பிரையன் என்ற தாடிக்காரர் அதை மரியாதையாகச் சொல்லி அனுப்பினார். அடுத்த நாளும் போனாள். அடுத்த நாளும் மரியாதையாக அனுப்பினார். மூன்றாம் நாள் அவள் நிலையத்தின் விதிப் புத்தகத்தையே இரவல் வாங்கிக்கொண்டு வந்தாள். கணிதம் படிப்பித்தவளிடம் விதியைக் கொடுக்கலாமா? துறைத் தலைவர் கையெழுத்து வைத்து, நம்பர் கேட்கிறவரும் இரண்டு காலைப் பொழுது நடக்கும் பயிற்சி வகுப்பில் தேறினால், ஆராய்ச்சி ஒன்றின் பேரில் பரீட்சார்த்த நம்பர் தரலாம் என்று எங்கோ ஒரு மூலையில் எழுதியிருந்தது. அதை விரலால் சுட்டிக்கொண்டு போய் யன்னலில் நின்றாள்.

வகுப்பில் பதின்மூன்று ஆண்கள், ஒரு சேலை. தேறினாள். நம்பர் வந்தது. அதை எழுதித் தந்த துண்டைப் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் ஒட்டினாள். நான் எங்கள் கலியாணப் படத்தைக் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியதாயிற்று.

பரீட்சார்த்த நம்பருக்கு ஐந்தே ஐந்து தடவைதான் கம்ப்யூட்டர் ஓடும். அதற்குள் சரியான விடையோடு வர வேண்டும். மார்கரெட்டும் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வியாழக்கிழமை துறைக் குழு கூடுகிறது. முடிவுகள் கையில் இருந்தால் பவளத்துக்கு நிரந்தர வேலை கேட்கலாம், நம்பரும் நிரந்தரமாகும். இல்லாவிட்டால் ஜூன் முப்பதோடு வேலையும் முடியும், நம்பரும் முடியும்.

அந்த நாட்களில் எங்கள் வீடு ஒரு நிலையில் இல்லை. எழுதியதையெல்லாம் துளை போட்ட அட்டைகளாக அடித்து, கட்டாகக் கட்டி, காலையில் யன்னலில் கொடுக்க வேண்டும். பின்னேரம் விடை அச்சடித்த தாளாக வரும். தூரத்தில் பார்த்தே தெரியும்: மெல்லிய தாள்கட்டு என்றால் பிழை, தடித்த கட்டு என்றால் வெற்றி. முதல் தடவை இரண்டு தாள். ஒரு காற்புள்ளி விடுபட்டுப் போயிருந்தது. இரண்டாம் தடவையும் மெல்லிசு. மூன்றாம், நாலாம் தடவையும் அப்படியே. எங்களுடைய ஒன்பது வயது மகள் வாசலில் நின்று, “திக் ஓர் தின், அம்மா?” என்று, தடிப்போ மெல்லிசோ என, ஆங்கிலத்தில் கேட்பாள். “தின்” என்று சொல்லிக்கொண்டே பவளம் சப்பாத்தைக் கழற்றுவாள். பிறகு அவளும் மகளும் சேர்ந்து சிரிப்பார்கள். எனக்குத்தான் சிரிப்பு வராது. ஒரு இரும்பு அலுமாரி ஒரு காற்புள்ளிக்காக என் மனைவியை நாலு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறதே என்று வயிறெரிந்தது.

செவ்வாய்க்கிழமை கடைசித் தடவை. காலையில் அவள் குளிக்கப் போயிருந்தாள். அட்டைக்கட்டு சப்பாத்துப் பெட்டிக்குள் மேசையில் இருந்தது. நானும் அதுவும் மட்டும். நாலு தடவையும் ஏன் பிழைத்தது என்று யோசித்தேன். கலியாணக் கடிதத்துக்கு மஞ்சள் பூசுகிறோம், புதுக் கொப்பிக்குப் பூசுகிறோம். இவ்வளவு பெரிய காரியத்துக்கு ஒரு பொட்டு மஞ்சள்கூட வைக்கவில்லையே! குசினிக்குப் போய் மஞ்சள்தூளைத் தண்ணீரில் குழைத்து, மேல் அட்டையின் நாலு மூலையிலும் தாராளமாகத் தொட்டேன். மனம் நிறைந்துவிட்டது. மேலே ஒரு வெள்ளைத் தாளைப் போட்டு மூடினேன். பஸ் நிறுத்தம் வரைக்கும் பெட்டியை நானே தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன்.

“என்ன, இண்டைக்கு நல்ல சந்தோசமாய் நிக்கிறியள்?” என்று கேட்டாள்.

“இண்டைக்குச் சரிவரும், பாரும்” என்றேன்.

பின்னேரம் அவள் வீட்டுக்கு வந்தாள். சிரிக்கவில்லை. மகள் கேட்ட கேள்விக்கும் பதில் சொல்லவில்லை. நேரே வந்து மேசையில் ஓர் அட்டையை வைத்தாள். பாதி கிழிந்து, சுருங்கி, மூலையெல்லாம் மஞ்சளாக இருந்தது.

“இது என்னண்டு சொல்லுங்கோ பாப்பம்.”

“மஞ்சள்” என்றேன். வேறு என்ன சொல்வது?

“ஓம், மஞ்சள். ஈரம் ஊறி மேல நாலு அட்டை ஒண்டோடொண்டு ஒட்டிப் போச்சு. வாசிக்கிற மெசின் அதைச் சப்பித் துப்பிப் போட்டுது. மெசின் நிண்டு போச்சு. எனக்குப் பின்னால இருபது பேர் வரிசையில நிக்கினம்.”

நான் கதிரையில் இருந்துவிட்டேன். என் கையாலேயே கெடுத்துவிட்டேன். பதினொரு வருடம் படிப்பித்தவள், மூன்று நாள் யன்னலில் நின்றவள், எல்லாவற்றையும் ஒரு சிட்டிகை மஞ்சளால் முடித்துவிட்டேன். எனக்கு அழுகை வந்தது, மறைக்கவில்லை.

“பவளம், நாளைக்கு நான் லீவு போட்டுட்டு வாறன். அந்தத் தாடிக்காரனிட்ட நானே சொல்லுறன், இது என்ர பிழை, உம்மட இல்லை எண்டு. கும்பிட்டுக் கேக்கிறன்.”

“பிரையனும் கேட்டவர், இது என்ன, கடுகுச் சோஸோ எண்டு. பிள்ளை ஊத்திப் போட்டுது எண்டு சொல்லியிருக்கலாம். நான் உண்மையைத்தான் சொன்னனான். என்ர மனுசன் வச்சவர், நல்ல காரியத்துக்கு நாங்கள் இப்பிடித்தான் வைக்கிறது எண்டு.”

“அவர் என்ன சொன்னவர்?”

அவள் வாசலுக்குப் போனாள். வெளியே வைத்துவிட்டு வந்திருந்த பையைத் தூக்கி வந்து மேசையில் போட்டாள். மேசை அதிர்ந்தது. உள்ளே தாள்கட்டு; தலையணை அளவு தடிப்பு.

“திக்!” என்று மகள் கத்தினாள். “அம்மா, இட்ஸ் திக்!”

பவளத்தால் அதற்கு மேல் அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துச் சிரித்து நிலத்திலேயே இருந்துவிட்டாள். நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

நடந்தது இதுதான். அவள் உண்மையைச் சொன்னதும் பிரையன் வாய்விட்டுச் சிரித்தாராம். தானும் ஒவ்வொரு காலையும் அந்த இயந்திரத்தின் தலையில் இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத்தான் தொடங்குவதாக இரகசியமாகச் சொன்னாராம். நம்பர் அட்டையை வாசிக்கும் முன்பே இயந்திரம் நின்றுவிட்டதால் அது ஒரு தடவையாகப் பதிவாகவில்லை. ஒட்டிய நாலையும் புதிதாக அடித்துக்கொண்டு வா, காத்திருக்கிறேன் என்றாராம். அப்படி அடிக்க உட்கார்ந்தபோதுதான் நாலாவது அட்டையை அவள் ஊன்றிப் பார்த்தாள். எத்தனை பிள்ளைகள் என்று சொல்லும் அட்டை. 812 என்று இருக்க வேண்டிய இடத்தில் 182 என்று அடித்திருந்தாள். காற்புள்ளிகளையே தேடித் தேடி, இதை நாலு தடவையும் கவனிக்கவில்லை. அப்படியே உள்ளே போயிருந்தால் கடைசித் தடவையும் வீணாகியிருக்கும்.

“பாத்தீரா! மஞ்சள்தான் காப்பாத்தினது” என்றேன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“மஞ்சள் இல்லை. திரும்ப வாசிச்சதுதான் காப்பாத்தினது.”

“திரும்ப வாசிக்க வச்சது ஆர்?”

அவள் தாள்கட்டை விரித்துப் பார்க்கத் தொடங்கிவிட்டாள். நான் வென்றதாக இன்று வரைக்கும் சாதித்து வருகிறேன்.

வியாழக்கிழமை எனக்கு வேலையே ஓடவில்லை. ஒரு குழாயை இரண்டு தரம் கீறி அழித்தேன். மூன்று மணிக்கு மேற்பார்வையாளர் வந்து, தொலைபேசியில் உன் மனைவி என்றார். பவளம் கம்பெனிக்கு அதற்கு முதல் ஒருநாளும் அழைத்ததில்லை. ஓடிப் போய் எடுத்தேன்.

“இஞ்சருங்கோ” என்றாள். மூச்சு வாங்கியது. “நம்பர் எனக்குத்தானாம். இனி எத்தினை தரமும் ஓட்டலாமாம். எனக்கு எண்டு, என்ர பேரில, நிரந்தரமாய்!”

“சரி, சரி. வேலை?”

“என்னது?”

“வேலை, பவளம். வேலை கிடைச்சதோ?”

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது.

“ஓ... ஓம், அதுவும் தந்திட்டினம்” என்றாள்.