நின்றுபோன கல்யாணத்தின் டம்ளர்கள்

இரண்டு வருடங்களுக்கு முன், தைப்பூசத்துக்குச் சில வாரங்களே இருந்தபோது, பினாங்கில், பாயான் பாருவில் எங்கள் டெரஸ் வரிசை வீட்டில் நடந்தது இது. சொல்ல ஆரம்பிக்கும்போதே எனக்குத் தலை கொஞ்சம் நிமிர்ந்துகொள்கிறது. பெருமையடிக்கிறாள் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நான் ஃபேக்டரியில் லைன் லீடராக இருந்து ஓய்வு பெற்றவள், வாய் கொஞ்சம் நீளம், அடக்கிச் சொல்ல வராது.

எங்கள் அடுப்படியை உடைத்துப் பெரிதாக்க வேண்டும் என்பது என் ரொம்ப நாள் ஆசை. ஒருவழியாக வேலை ஆரம்பமானது. பழைய அலமாரியைப் பிடுங்கிய அன்றே காண்ட்ராக்டர் என்னைக் கூப்பிட்டார். நல்ல மனிதர், சீனர், என்னிடம் மலாயில்தான் பேசுவார். கதவு நிலையைத் தட்டிக் காட்டினார். உள்ளே ஒன்றுமில்லை, கரையான் தின்று வெறும் கூடாக நின்றது.

"ஆன்ட்டி, சூடா மாசோக் டாலாம் லா" என்றார். கரையான் அடுப்படியோடு நிற்காமல் பின்னறைக்குள்ளும் போய்விட்டதாம். அந்த அறையை முழுவதும் காலி செய்து கொடுத்தால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும் என்றார். நான் சாத்தியிருந்த பின்னறைக் கதவைப் பார்த்தேன். கரையானுக்காக இல்லை. அந்த அறைக்குள் இருந்த அட்டைப் பெட்டிகளுக்காக.

அந்தப் பெட்டிகளில் இருந்தவை என் மகளின் கல்யாணத்துக்காக வாங்கிய எவர்சில்வர் டம்ளர்கள். வருகிறவர்களுக்குப் பரிசாகக் கொடுக்க எல்லோரும் பிளாஸ்டிக் டப்பாதான் வாங்குகிறார்கள். நான் கேட்பேனா? நம் வீட்டுக் கல்யாணம் காலத்துக்கும் நாலு பேர் வீட்டில் நிற்க வேண்டும் என்று சொல்லி, டவுனில் பாத்திரக் கடைக்குப் போய், ஒவ்வொரு டம்ளரிலும் பெண் பெயர், மாப்பிள்ளை பெயர், கல்யாணத் தேதி எல்லாவற்றையும் வெட்டச் சொன்னேன். கடைக்காரர்கூட, "இவ்ளோ சீக்கிரமா வெட்டணுமாக்கா? இன்னும் நாள் இருக்கே" என்று கேட்டார். நான்தான் அவசரக் குடுக்கை, வெட்டுங்கள் என்று நின்று வாங்கி வந்தேன்.

அடுப்படி வேலைக்குச் சில வருடம் முன்பு, பத்திரிகை கொடுத்து முடித்த சமயத்தில் அந்தப் பையன் போன் செய்தான். தனக்கு இதில் விருப்பமில்லை, வீட்டில் வற்புறுத்தியதால் தலையாட்டியதாகச் சொன்னான். அவ்வளவுதான். மண்டபம், மேளம், சாப்பாடு எல்லாவற்றையும் நிறுத்தினோம். டம்ளரை மட்டும் என்ன செய்வது என்று தெரியவில்லை. பின்னறையில் அடுக்கிக் கதவைச் சாத்தினேன்.

அந்த வாரம் என் மகள் என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்று கேட்டாள். "மா, யாராவது கேட்டா தள்ளிப் போட்டிருக்குன்னு சொல்லுங்க. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்." அவள் இருந்த நிலையில் நிலவைக் கேட்டிருந்தாலும் ஏணி தேடியிருப்பேன். நாங்களும் அப்படியே சொன்னோம். நாள் போகப் போக அந்த ஒரு பொய்தான் அவள் கழுத்தைப் பிடித்தது. எங்கே போனாலும் "எப்போம்மா கல்யாணம்? புதுத் தேதி வெச்சாச்சா?" என்று கேட்பார்கள். அவள் சிரிப்பாள், தலையாட்டுவாள். பிறகு சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போவதை நிறுத்தினாள். அப்புறம் கோயிலுக்கு. தைப்பூசம் வந்தால், லீவு நாளிலும் வேலைக்கு வருகிறேன் என்று தானே கேட்டு வாங்கிக்கொள்வாள். பெரிய ஃபேக்டரியில் இன்ஜினியர். மெஷின் நின்றுபோனால் ஆட்கள் அவளைத்தான் தேடுவார்கள். அப்படிப்பட்டவள் வீட்டுக்கு யாராவது வந்தால் மாடிக்கு ஓடுவாள். பெற்ற வயிறு பற்றி எரியும், ஆனால் வாய் திறக்க முடியாது.

சரி, அறையைக் காலி செய்தாக வேண்டும். முதலில் என் வீட்டுக்காரரின் சொத்துகள். துறைமுகத்தில் வேலை பார்த்தவர், எதையும் தூக்கிப் போட மாட்டார். டிவி வந்த பெட்டி, ரைஸ் குக்கர் வந்த பெட்டி, அந்த ரைஸ் குக்கர் செத்து எத்தனையோ காலம் ஆனது, பெட்டி மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. "வாரண்டிக்கு வேணும் லா" என்றார். "எதுக்கு, நமக்கா?" என்று கேட்டேன். பெட்டியை எடுத்துக்கொண்டு போய் வாசலில் வைத்தார். தீபாவளி பிஸ்கட் டின்கள், ஓடாத காற்றாடி, மகளின் பழைய பள்ளி யூனிஃபார்ம் எல்லாம் வெளியே வந்தன. சாமான் குறையக் குறைய அந்தப் பெட்டிகள்தான் நன்றாகக் கண்ணில் பட்டன.

பழைய பேப்பர் வாங்கும் லோரி எங்கள் தெருவுக்கு ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டே வரும். மகள் வேலைக்குப் போயிருக்கும்போது அதில் ஏற்றிவிடலாம் என்று திட்டம் போட்டேன். பிறகு ஒரு பயம். அவர்கள் அதை வேறு யாருக்காவது விற்று, என் மகள் பெயர் ஏதோ ஒரு கடையில் தொங்கினால்? அதனால் பெயரைத் தேய்த்து அழித்துவிடலாம் என்று உப்புத்தாள் வாங்கி வந்து பின்வாசலில் உட்கார்ந்தேன். வெட்டிய பெயர் அவ்வளவு லேசில் போகுமா? தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். டம்ளர் முழுக்கக் கீறல், நடுவே பெயர் அப்படியே ஜம்மென்று இருக்கிறது.

அன்றைக்குப் பார்த்து அவள் அரை நாளில் வந்துவிட்டாள். என் பின்னால் வந்து நின்றது எனக்குத் தெரியவில்லை.

"என்னம்மா பண்றீங்க?"

அவள் சிமெண்டுத் தூசியைப் பார்க்காமல் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். டம்ளரை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழப் போகிறாள் என்று நினைத்து நான் முந்தானையைத் தயாராகப் பிடித்துக்கொண்டேன்.

"அந்தப் பேரை அழிக்கிறீங்க, சரி. என் பேரை எதுக்கும்மா அழிக்கிறீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?"

முந்தானை எனக்குத்தான் பயன்பட்டது. அவள் என் முதுகைத் தடவிக்கொண்டே, தனக்குத் தானே பேசுவது போலச் சொன்னாள். "தள்ளிப் போட்டிருக்குன்னு சொல்லச் சொன்னது நான்தான். ஒரு மாசத்துக்குத்தான் நெனச்சேன். இப்ப அதுவே ஒரு வேலையா போச்சு. யார்கிட்ட என்ன சொன்னோம்னு ஞாபகம் வெச்சுக்கவே மண்டை காயுது. போதும்மா. நானே சொல்லிடறேன், கல்யாணம் இல்லேன்னு."

"யார்கிட்டடி சொல்லுவே?"

"எல்லார்கிட்டயும்."

என் வீட்டுக்காரரும் அவர் துறைமுக நண்பர்களும் தைப்பூசத்தன்று தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியில் பந்தல் போட்டு மோர் கொடுப்பார்கள். காகிதக் கப்பில் கொடுப்பார்கள், மத்தியானத்துக்குள் ரோடு முழுக்கக் கப் குப்பையாகக் கிடக்கும். இந்த வருடம் நம் டம்ளரில் கொடுப்போம், குடித்தவர்கள் டம்ளரை வீட்டுக்கே எடுத்துப் போகட்டும் என்றாள் மகள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. பினாங்கே வந்து நிற்கிற இடம் அது.

விஷயம் தெரிந்து என் நாத்தனார் கெப்பாலா பத்தாஸிலிருந்து போன் செய்தார். "நின்னு போன கல்யாணத்துப் பாத்திரத்தைச் சாமி காரியத்துக்கு எடுப்பாங்களா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? புள்ளைக்கு இனிமே நல்ல இடம் வர வேணாமா?" போன் ஸ்பீக்கரில் இருந்தது, மகளும் கேட்டுக்கொண்டிருந்தாள். கூட நாலு வார்த்தை பேசாத என் வீட்டுக்காரர் போனை வாங்கினார். "அக்கா, டம்ளர் என்ன பாவம் பண்ணுச்சு? அது எம் மக பேரு. முருகன் முன்னாடி நிக்கட்டுமே" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அந்த மனிதரை நான் அப்படிப் பார்த்ததில்லை.

அடுப்படியில் குழாயே கிடையாது. வாசலில் பெரிய பேசினை வைத்து, காடி, அதாவது கார் கழுவும் ரப்பர் குழாயைப் போட்டு மூன்று பேரும் டம்ளர் கழுவினோம். மகள் அப்பா மேல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துச் சிரித்தாள். அந்தச் சத்தத்தைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! காண்ட்ராக்டரின் ஆட்களெல்லாம் வேலையை விட்டு எட்டிப் பார்த்தார்கள்.

தைப்பூசத்தன்று காலையில் மஞ்சள் சேலை கட்டிக்கொண்டு பந்தலில் நின்றாள். கூட்டமென்றால் அப்படியொரு கூட்டம். பால்குடம் எடுத்தவர்கள், காவடிக்குக் கூட வருகிறவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள் எல்லோரும் வியர்க்க விறுவிறுக்க வந்து கை நீட்டினார்கள். அவள் டம்ளரை நீட்டுவாள், நான் மோர் ஊற்றுவேன். முதலில் வந்தவர்கள் பெயரைக் கவனிக்கவே இல்லை, தாகம். எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அப்போது வந்தார் என்னோடு ஃபேக்டரியில் ஒரே லைனில் வேலை பார்த்த அம்மா. அவருக்குத் தெரிந்தால் அன்றைக்கே எங்கள் பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் தெரிந்த மாதிரி. டம்ளரை வாங்கியவர் கண்ணாடியை மேலே தள்ளிப் படித்தார். தேதியைப் பார்த்தார். என் மகளைப் பார்த்தார்.

"ஏம்மா, இது உம் பேருதானே? கல்யாணம் முடிஞ்சிருச்சா? எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லலையே!"

குரல் என்னவோ வெண்கலம். வரிசையில் இருந்தவர்கள் எல்லோரும் கையிலிருந்த டம்ளரைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்கள். என் கரண்டி அப்படியே நின்றது. 'தள்ளிப் போட்டிருக்கு' என்ற வார்த்தை பழக்க தோஷத்தில் என் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் முருகனைக்கூட நான் கூப்பிடவில்லை, மகள் முகத்தைத்தான் பார்த்தேன்.

"முடியல ஆன்ட்டி. நின்னு போச்சு. பையனுக்கு இஷ்டமில்ல" என்றாள். அக்கம்பக்கம் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, தெளிவாக. அப்புறம் சிரித்தாள். "அம்மா அவசரப்பட்டு வாங்கிட்டாங்க, டம்ளர் நல்ல கனம் லா. வெச்சுக்குங்க. மோர் ஊத்தட்டா?"

அந்த அம்மாவின் கண் கலங்கியதை நான் பார்த்தேன். டம்ளரை நீட்டி, "ஊத்து கண்ணு. நிறைய ஊத்து" என்றார். குடித்து முடித்து, டம்ளரைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு, அவள் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அவருக்குப் பின்னால் நின்ற ஒரு பெண், யாரென்றே தெரியாது, "அக்கா, எனக்கும் ஒண்ணு குடுங்க, வீட்டுல வெச்சுக்கறேன்" என்று கேட்டு வாங்கிக்கொண்டாள்.

உச்சி வெயில் ஏறுவதற்குள் பெட்டிகள் காலி. என் மகள் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, தன் அப்பாவோடு கூட்டத்தில் கலந்து மலை ஏறப் போனாள். நான் பந்தலில் உட்கார்ந்து, அவள் தலை மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்றவரிடம், அவர் கேட்கவே இல்லை, "அதோ போறாளே மஞ்சள் சேலை, எம் பொண்ணு" என்றேன்.

அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஆகும்போது ஆகட்டும், ஆகாவிட்டால் அதுவும் அவள் இஷ்டம். முன்பெல்லாம் யாராவது "உங்க மக எப்படி இருக்கா?" என்று கேட்டால் எனக்குக் குரல் தானாக இறங்கிவிடும், இப்போது அந்தக் கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று நானே காத்திருக்கிறேன்.