மரகதம் அக்காவின் ஊரடங்குச் சர்க்கரை

மருந்துக்கடையில் நிற்பவர்களுக்கு மனிதர்களின் முகம் மறந்துபோகலாம், அவர்கள் விழுங்கும் மாத்திரையின் நிறம் மறக்காது. ஊரடங்கில் எல்லா முகத்தையும் துணி மறைத்தபோது இந்த ஞாபகம்தான் எனக்குக் கைகொடுத்தது. கவுன்ட்டருக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்று அவதிப்பட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

கயிறு

எங்கள் கடை ராயபுரத்தில், காசிமேட்டுக்குப் போகும் சாலையில் இருக்கிறது. யாரும் நெருங்கி நிற்கக்கூடாது என்று முதலாளி அண்ணாச்சி வாசலில் நைலான் கயிறு கட்டிவிட்டார். அதற்கு அப்பால் நின்றுதான் மருந்தின் பேரைக் கத்திச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான். தப்பாக எதையாவது கொடுத்துவிடுவோமோ என்ற பயத்தில், கேட்டதை நானும் ஒருமுறை உரக்கத் திருப்பிச் சொல்வேன்.

அப்படித்தான் ஒரு பெரியவரிடம், "சுகர் மாத்திரைதானே, சாப்பாட்டுக்கு முன்னாடி போடுறது?" என்று கேட்டேன். அவர் பதறிப்போய், "மெதுவா பேசும்மா. எனக்கு சுகர் கீதுன்னு வூட்லயே தெரியாது" என்றார். அவருக்குப் பின்னால் மரகதம் அக்கா நின்றிருந்தார். காசிமேட்டில் மீன் எடுத்துத் தெருத்தெருவாக விற்பவர், பல வருடமாக இன்சுலின் போட்டுக்கொள்பவர். அவர் சொன்னார்: "வுடு மாமு, தெருவுக்கே தெரிஞ்சுபோச்சு. வூட்டுக்கு நாளைக்கு தெரியும்."

நடக்க இடமில்லை

துறைமுகத்தை மூடிவிட்டார்கள். விடியற்காலையில் கூடையைத் தலையில் ஏற்றினால் மதியம் வரை நடக்கிற மரகதம் அக்கா வீட்டில் உட்கார்ந்தார். கடையில் விரலைக் குத்திப் பார்த்தபோது சர்க்கரை ஏகத்துக்கு ஏறியிருந்தது.

"என்னக்கா சாப்பிடுறீங்க?"

"இன்னா துன்றது? மீனு இல்ல. ரேஷன் அரிசி, ரசம். ரசத்துக்கு சோறு எறங்குது பாரு, கொழம்புக்கு கூட அப்படி எறங்காது."

சோற்றைக் குறையுங்கள், வீட்டுக்குள்ளேயாவது நடங்கள் என்றேன். அக்கா என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "என் வூட்ல நாலு அடி வெச்சா பக்கத்து வூட்டு அடுப்புல நிப்பேன், பாப்பா."

களிம்பு

கொஞ்ச நாளில் களிம்பு கேட்டு வந்தார். செருப்பு வார் உரசிய இடமாம். காலைக் காட்டுங்கள் என்றேன். பெருவிரலுக்குப் பக்கத்தில் சின்னப் புண்தான், ஆனால் ஓரம் கறுத்திருந்தது. வலிக்கவில்லை என்றார். அதுதான் எனக்குப் பயம், சர்க்கரையில் கால் மரத்துப்போனால்தான் புண் வலிக்காது. அவருடைய அக்காவுக்கும் இப்படித்தான் வலிக்காமல் தொடங்கி, முழங்காலுக்குக் கீழே காலையே எடுத்திருந்தார்கள்.

"எம்மா, களிம்பு கேட்டா களிம்பக் குடு. நீ என்னத்துக்கு டாக்டர் வேலை பாக்க?" என்றார் அண்ணாச்சி. அதனால் அக்கா வழக்கமாகப் பார்க்கும் டாக்டருக்கே போன் போட்டேன். அவர் புண்ணுக்கு மருந்து சொல்லி, ஊசி அளவையும் கூட்டினார். சர்க்கரை இறங்காவிட்டால் காலுக்கு உத்தரவாதம் இல்லை என்றார். போன் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த அக்கா குனிந்து காலைப் பார்த்தார். பிறகு, "தலையில கூடைய தூக்கறது காலுதான் பாப்பா" என்றார்.

வஞ்சிரத்துக்குப் பக்கத்தில்

அளவைக் கூட்டியும் சர்க்கரை இறங்கவில்லை. வெறும் சிரிஞ்சை வைத்து ஊசி போடுவதுபோல் செய்து காட்டச் சொன்னேன். ஒரு பிசகும் இல்லை. மிச்சம் இருந்தது மருந்து மட்டும்தான். பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னேன்.

அவர் புருஷன் தேசப்பன் அண்ணன் எடுத்துவந்தார். சின்னப் படகுகளுக்கு அப்போதுதான் அனுமதி கிடைத்து அவர் கடலுக்குப் போக ஆரம்பித்திருந்தார். தூக்குச்சட்டியைத் திறந்தால் உப்புத் தூவி உடைத்த ஐஸ். அதற்குள் இன்சுலின் பாட்டில், உள்ளே கல்லாக உறைந்து.

எதிர்வீட்டு ஃப்ரிட்ஜில்தான் எப்போதும் வைப்பார்களாம். ஊரடங்கு வந்ததும் அந்த வீட்டம்மா, யாரும் உள்ளே வர வேண்டாம் என்று பாட்டிலை வெளியே கொடுத்துவிட்டார். அட்டையில் 'குளிர்ச்சியாக வைக்கவும்' என்று போட்டிருந்தது. மீனவர் வீட்டில் குளிர்ச்சி என்றால் ஐஸ் பெட்டி; போடும் நேரத்தில் உள்ளங்கையில் உருட்டி உருக வைப்பார்களாம். ஒருமுறை உறைந்த இன்சுலினை நம்ப முடியாது, உருகினாலும் வீண் என்று நான் சொன்னதை அண்ணன் ஏற்கவே இல்லை. "வஞ்சிரமே கெடாத பொட்டிம்மா அது. அம்மாந்தூண்டு பாட்டிலு எப்படி கெடும்?"

ஃப்ரிட்ஜில் ஒரு மூலை

டாக்டரிடம் மறுபடி பேசினேன். புது பாட்டில் வேலை செய்யும் என்பதால் அளவைப் பழையபடி குறைக்கச் சொன்னார். பாட்டிலைக் கடை ஃப்ரிட்ஜிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "இன்னைக்கு ஒருத்தி பாட்டிலு, நாளைக்கு ஊரு பாட்டிலா?" என்று முணுமுணுத்தபடியே ஒரு மூலையை ஒதுக்கினார். காலையும் மாலையும் அக்கா காலில் கட்டோடு மெதுவாக வந்து ஊசி போட்டுப் போவார். மருந்துக்கு என்றால் போலீஸும் தடுக்கவில்லை. சர்க்கரை இறங்கியது. புண் காய்ந்தது. மூடிய செருப்பு வாங்க வைத்தேன், அதற்குத்தான் அதிகம் திட்டு வாங்கினேன்.

துறைமுகம் திறந்த பிறகு ஒருநாள் கடை வாசலில் கூடையை இறக்கினார். சங்கரா மீன் பளபளவென்று இருந்தது. என்ன விலை என்று கேட்டேன். அக்கா செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். "மீன அப்பால பாக்கலாம். மொதல்ல இத்த பாரு."

மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று தேட நான்கு வருடம் படித்துவந்த நான், இப்போதெல்லாம் முதலில் கேட்பது அது யார் வீட்டில் குடியிருக்கிறது என்பதைத்தான்.