பயமில்லாதவர் உத்தியோகம்

சாலவாக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, ஊர்ப் பெயரைச் சொல்லாமல் "பயமில்லாத ஆளு ஊரு" என்று கேட்டாலும் நடத்துநர் டிக்கெட் கிழித்துக் கொடுத்துவிடுவார். அந்த ஆளின் பெயர் வேதகிரி. வயது ஐம்பத்திரண்டு. கூலி வேலை. சொந்தத்தில் ஒரு சென்ட் நிலம் கிடையாது. ஊர் கொடுத்த பட்டம் மட்டும் உண்டு.

பட்டம் வந்த விதம் எளிமையானது. இருபத்தாறு வருடத்துக்கு முன்னால் பெரிய ஏரி நிரம்பி, மதகின் வாயில் ஏதோ அடைத்துக்கொண்டது. வயலுக்குச் சொட்டுத் தண்ணீர் வரவில்லை. நிலக்காரர்கள் எல்லோரும் கரையில் கூடி, யாராவது முங்கி அடைப்பை எடுத்தால் நன்றாக இருக்கும் என்று ஒருமனதாக முடிவு செய்தார்கள். அந்த யாராவது யார் என்பதில்தான் சிறு மௌனம் நிலவியது. ஏழு ஏக்கர் நஞ்சைக்குச் சொந்தக்காரரான ராஜாராம்தான் அதைக் கலைத்தார்.

"டேய் வேதகிரி, உனக்குத்தான் பயமே கெடயாதே. எறங்குடா."

அந்த நிமிஷம் வரை தன்னைப் பற்றிய இந்தத் தகவல் வேதகிரிக்குத் தெரியாது. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று இறங்கினார்.

அதிலிருந்து கிணற்றில் ஆடு விழுந்தால் வேதகிரி. நெல் மூட்டைக்குப் பின்னால் நல்ல பாம்பு என்றால் வேதகிரி. கரண்டுக் கம்பி மேல் புளியங்கிளை சாய்ந்தாலும் வேதகிரிதான். நிலக்காரர்கள் இறங்குவதற்குத் தயங்கியவர்கள் என்று சொல்லிவிடக் கூடாது. அவர்களுக்குக் குடும்பம் இருந்தது. வேதகிரிக்கும் பாக்கியமேரி என்ற மனைவியும் ஷீபா என்ற மகளும் இருந்தார்கள். ஆனால் பயம் உள்ளவர்களுக்குத்தானே குடும்பம் கண்முன் வந்து நிற்கும்? பயமே இல்லாதவர் விஷயத்தில் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டிய அவசியம் ஊருக்கு ஏற்படவில்லை.

போன வருடம் மதகில் ஒரு மரத்தூர் சிக்கியது. வேதகிரி முங்கி அதை அசைத்ததும், திறந்த வழியில் தண்ணீர் சீறிப் பாய்ந்து அவர் காலையும் முழங்கால் வரை உள்ளே இழுத்துக்கொண்டது. எப்படி உருவிக்கொண்டு மேலே வந்தார் என்பது அவருக்கே ஞாபகமில்லை. கரையில் எல்லோரும் கைதட்டினார்கள். "பாத்தீங்களா, மூஞ்சில ஒரு சுளிப்பு கூட இல்ல" என்று ராஜாராம் பக்கத்து ஊர்க்காரரிடம், தன் வீட்டுக் காளையைக் காட்டுவது போல் காட்டினார்.

வீட்டில் வேதகிரி தட்டில் போட்ட சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"சாப்புடாம இன்னா சோத்தோட வெளையாடிகினு கீற?" என்றாள் பாக்கியமேரி.

முழங்காலைக் காட்டினார். தோல் வழன்று கிடந்தது.

"அடுத்த வாட்டி கூப்ட்டா வரமாட்டேன்னு சொல்லிடு."

"எப்பிடி சொல்றது?"

"வாயாலதான்."

வாய் இருந்தது. அந்தச் சொல்லுக்கு ஏற்ற முகம்தான் அவரிடம் இல்லை. இருபத்தாறு வருடம் ஒரே முகத்தை வைத்துப் பிழைத்தவர், திடீரென்று வேறொன்றுக்கு எங்கே போவார்?

இந்த வருடம் புரட்டாசியில் சென்னையிலிருந்து டாக்டர் திவ்யா வந்தார். ஊசி போடும் டாக்டர் இல்லை. பயமும் பதற்றமும் மூளைக்குள் எங்கே உட்கார்ந்திருக்கின்றன, அவை உட்கார்ந்திருக்கும்போது மனிதன் எப்படி முடிவெடுக்கிறான் என்று ஆராய்கிறவர். மூளையில் பாதாம் பருப்பு அளவில் ஆளுக்கு இரண்டு இடம் உண்டாம். பயத்தில் அதற்குப் பெரிய பங்காம். அது பழுதான சிலருக்குப் பயம் என்பதே சரியாகத் தெரியாதாம். பயமில்லாத ஆள் ஒருவர் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுத்தான் இவ்வளவு தூரம் வந்திருந்தார். ராஜாராம் வீட்டுக் கல்யாணப் பாயசத்தில் மட்டுமே பாதாமைப் பார்த்திருந்த வேதகிரிக்கு, தன் தலைக்குள்ளேயே இரண்டு கிடப்பது பெரிய செய்தியாக இருந்தது.

ஊர் நூலகக் கட்டடத்தில் சோதனை நடந்தது. முதல் ஆளாக ராஜாராம் போய் உட்கார்ந்தார். விரலில் கிளிப், மார்பில் பட்டை. எதிரே லேப்டாப்பில் பாம்பு, பாழுங்கிணறு, வெள்ளம் என்று படங்கள் வந்தன. ராஜாராமின் நாடி, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சாய்ந்திருப்பவரின் நாடியாகவே கடைசி வரை ஓடியது.

"உங்களுக்குப் பயம் பெருசா பதிவே ஆகல சார்" என்றார் டாக்டர்.

"எங்க பரம்பரையே அப்பிடி" என்றார் ராஜாராம். பாழுங்கிணற்றுக்குள் இறங்கச் சொல்லி யாரும் தன்னைக் கூப்பிடப்போவதில்லை என்பது தெரிந்த நாடி எதற்காகத் துடிக்க வேண்டும் என்ற கேள்வி, சோதனைத் தாளில் இடம்பெறவில்லை.

அடுத்து வேதகிரி. கிணற்றுப் படம் வந்ததும் திரையில் கோடு எகிறியது. வெள்ளப் படத்துக்குக் கிளிப் மாட்டிய விரல் வியர்த்து வழுக்கியது. டாக்டர் கருவிதான் கெட்டுவிட்டதென்று வேறொன்றை மாட்டினார். அதுவும் அதையே சொன்னது. வேதகிரியின் முகம் மட்டும் கல் மாதிரி இருந்தது.

பிறகு ஒரு விளையாட்டு. திரையில் இரண்டு கதவுகள். பச்சையைத் தொட்டால் ஒன்றும் ஆகாது. சிவப்பைத் தொட்டால் சில சமயம் காதைக் கிழிக்கும் ஹாரன் அடிக்கும். எது வேண்டுமோ அதைத் தொடலாம். வேதகிரி நாற்பது தடவையும் சிவப்பையே தொட்டார். ஒவ்வொரு தடவையும் நடுங்கிக்கொண்டே தொட்டார். டாக்டரின் இத்தனை வருட ஆராய்ச்சியில் இப்படியொரு ஆள் வந்ததில்லை.

"ஏன் சார், பயமா இருந்தா பச்சைய தொட்டிருக்கலாமே?"

வேதகிரி சங்கடமாகச் சிரித்தார். "அது எனக்கும் உண்டாம்மா?"

"ரெண்டும் உங்களுக்குத்தான்னு சொன்னேனே."

"சொன்னீங்கோ. சும்மா மரியாதிக்கு சொல்றீங்கோன்னு நெனச்சேன். பச்ச வேற யாருக்கோன்னு..."

டாக்டர் அந்தப் பதிலை அப்படியே எழுதிக்கொண்டார். பிறகு அவரவர் முடிவை அவரவர் கையில் தாளாகக் கொடுத்தார். ராஜாராம் தன் தாளை லேமினேட் செய்து டீக்கடை வழியாக ஊர் முழுக்கச் சுற்றுக்கு விட்டார். வேதகிரியின் தாளில் "திரு. வேதகிரி அவர்களுக்குப் பய உணர்வு மிக வலுவாக உள்ளது" என்றிருந்தது. ஷீபா வாசித்துக் காட்டினாள். "திரு" வந்த இடத்தை இன்னொரு முறை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து மடித்து வைத்தார்.

கார்த்திகையில் ஏரி ததும்பியது. மதகு அடைத்துக்கொண்டது. இந்தத் தடவை வேரோடு ஒரு வேலமரம். காலை ஒன்பது மணிக்குக் கரையில் ஊர் கூடிவிட்டது. வேதகிரியை மோட்டார் சைக்கிளில் ஆள் அனுப்பி அழைத்து வந்தார்கள். பின்னாலேயே பாக்கியமேரி நடந்து வந்தாள்.

"வாடா. நாஷ்டா ஆச்சா? சீக்கிரம் எறங்கு. பயிரு காயுது" என்றார் ராஜாராம்.

வேதகிரி சட்டையைக் கழற்றவில்லை. தண்ணீரைப் பார்த்தார். வேலமரத்தின் ஒரு கிளை மேலே நீட்டிக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடியது.

"நான் எறங்கலைங்கையா."

"இன்னாடா?"

"எனுக்கு பயமா கீது."

கரையில் சிரிப்பு எழுந்தது. நகைச்சுவைக்காகச் சொன்னார் என்றே ஊர் எடுத்துக்கொண்டது. வேதகிரி சிரிக்கவில்லை என்பது தெரியக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"உனுக்கா? பயமா? ஐய, இன்னா பேச்சு இது. இத்தினி வருசம் எறங்குனவன்தானே நீ?"

"இத்தினி வருசமும் பயமாத்தாங்கையா இருந்திச்சி."

ஊர் இதை எதிர்பார்க்கவில்லை. ஏமாற்றப்பட்டவர்களின் வருத்தம் பல முகங்களில் தெரிந்தது. இவ்வளவு காலம் உள்ளுக்குள் பயந்துகொண்டே பயமில்லாதவராக நடித்திருக்கிறாரே!

"அப்போ யார்ரா எறங்கறது?" என்று ராஜாராம் கத்தினார்.

பாக்கியமேரி முந்தானையை இழுத்துச் செருகினாள். "நீங்கதான் சாமி. உங்களுக்குத்தான் பயமே இல்லன்னு மெட்ராஸ் டாக்டரம்மா எய்திக் குடுத்து கீறாங்களே. ஊரே படிச்சிச்சி."

மறுபடி சிரிப்பு வந்தது. இந்த முறை அது வேறு இடத்திலிருந்து வந்தது. ராஜாராம் தன் பரம்பரையைக் காப்பாற்றும் பொருட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மதகின் முதல் படியில் கால் வைத்தார். இரண்டாம் படியில் தண்ணீர் அவர் கணுக்காலைத் தொட்டது. கிளை ஒரு சுற்றுச் சுற்றி அவர் பக்கம் திரும்பியது. அவர் அங்கேயே நின்று, மிகுந்த யோசனைக்குப் பிறகு, சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார்.

"தினேஷு... உன் பொக்லைன் எங்க கீது? சாலவாக்கத்துலயா? ஏரிக்கு ஓட்டிகினு வா. ஒடனே!"

தினேஷ்குமார் கரை மேல் வண்டியை நிறுத்தி, நீண்ட கையைத் தண்ணீருக்குள் விட்டான். வேலமரம் வேரோடு மேலே வந்தது. டீ ஆறும் நேரம் கூட ஆகவில்லை.

"இதுக்கா இத்தினி வருசம் ஆள எறக்கினு இருந்தீங்கோ?" என்று கேட்டான், வண்டியிலிருந்தபடியே.

இது பதில் எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல என்று ஊர் முடிவு செய்து, வாய்க்கால் பக்கம் பார்த்தது. ராஜாராம் வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். மதகின் அந்தப் பக்கம் தண்ணீர் நுரைத்துக்கொண்டு வாய்க்காலில் விழுந்தது. வேதகிரி அதைக் கரையிலிருந்து, உலர்ந்த சட்டையோடு பார்த்துக்கொண்டு நின்றார். எப்போதும் இந்த நேரத்தில் அவர் கண்ணில் அப்பிய சேற்றைக் கழுவிக்கொண்டிருப்பார்.

இரண்டு கால்களும் கிடுகிடுவென்று ஆடிக்கொண்டிருந்தன. பாக்கியமேரி அவர் கையைப் பிடித்தாள். "அதான் எறங்கலியே. இன்னும் இன்னாத்துக்கு நடுங்கற?"

"தெரில மேரி. எறங்கி இருந்தாகூட இவ்ளோ நடுங்கி இருக்க மாட்டேன்."

"சரி, வா. வூட்டுக்குப் போலாம்."

"கொஞ்சம் இரு" என்று அவர் கரையிலேயே உட்கார்ந்துகொண்டார். "கால் நிக்கட்டும்."